வீட்டு மனை வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

(வீரபாண்டியில் ஆற்றிய உரை)



முன்னர் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் இன்று வீட்டு மனைகளாக மாறி வருகின்றன. கோவை மாவட்டத்தில் ஓர் ஊராட்சியாக இருந்த வீரபாண்டி, 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. 2011-ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. பனியன் கம்பெனிகளில் உழைத்து, வாரக் கூலியில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, இரண்டு மூன்று சென்ட் நிலம் வாங்க முற்படுவோர் இங்கே பலர். அந்தப் பணம் ஒரு முறை கை நழுவினால், மீண்டும் சேர்ப்பதற்கு ஆயுள் போதாது. ஆதலின், முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே ஆவணங்களை ஆராய வேண்டும் என்பதை வலியுறுத்தவே வந்துள்ளேன். மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் நமதாகி விடாதா?" என்பது முதற் கேள்வி. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஆனால், ஆவணத்தைப் பதிவு செய்வதே சார்பதிவாளர் அலுவலகத்தின் பணி. விற்பவரின் உரிமைக்குப் பொறுப்பேற்பது அன்று. தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க இயலாது. எனவே, விற்பவருக்கு நிலம் எவ்வாறு வந்தது, அவருக்கு விற்றவருக்கு எவ்வாறு வந்தது என்று தாய்ப் பத்திரங்களின் வழியே முப்பது ஆண்டுகளேனும் பின்னோக்கிப் பார்ப்பது நலம். பழைய பத்திரங்களில் கோவை மாவட்டம் என்று கண்டால் திகைக்க வேண்டா. அக்காலத்தில் அதுவே சரி. சர்வே எண்ணும் நான்கெல்லையும் பொருந்துகின்றனவா என்பதே முக்கியம்.

"பட்டா அவர் பெயரில் இருக்கிறதே, போதாதா?" என்பர் சிலர். பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அது நல்லதோர் ஆதரவு. ஆயினும் அது மட்டுமே உரிமைக்கு முழுச் சான்றாகாது. பட்டாவும் பத்திரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

"வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லையே?" என்பது அடுத்த கேள்வி. வில்லங்கச் சான்று, பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, மூலப் பத்திரத்தை ஈடாக ஒப்படைத்துப் பதிவின்றிப் பெற்ற கடன் ஆகியவை அதில் தோன்றா. ஆகவே, நகலைக் கண்டு திருப்தியடையாமல் மூலப் பத்திரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். "பீரோவில் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால், அது வரும்வரை நம் பணமும் நம்மிடமே இருக்கட்டும்.

"கட்டிக்கொடுத்த பெண்ணின் கையெழுத்தும் வேண்டுமா?" என்று பலர் வியப்புடன் கேட்கின்றனர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயார்ஜித சொத்தில் மகனைப் போன்றே மகளுக்கும் பங்கு உண்டு. இது 1956 முதல் உள்ள சட்டம். பூர்வீகச் சொத்திலும் 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் மணமாகாத மகளிருக்குச் சம உரிமை தந்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மணமானவர்களுக்கும் அதனை விரித்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்தை வாங்கினால், பின்னொரு நாள் சகோதரியின் வழக்கு நம் வாசலில் வந்து நிற்கும். வாரிசுச் சான்றைப் பார்த்து, அனைவரிடமும் கையெழுத்துப் பெறுக. இந்துக் குடும்பத்து மைனரின் நிலமாயின், பெற்றோர் விற்பதற்கும் நீதிமன்ற அனுமதி தேவை.

"பவர் பத்திரமும் உடன்படிக்கையும் போதுமென்று சொல்கிறார்களே?" போதா. அவற்றால் நில உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தெளிவாக்கியது. மேலும், தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். வெற்றுத் தாளில் எழுதிக்கொண்டு முன்பணம் கொடுப்பது ஆபத்து.

"மனைப்பிரிவு அங்கீகாரம் எதற்கு?" என்றும் கேட்கின்றனர். அங்கீகாரமற்ற பிரிவில் உள்ள மனையை வீட்டு மனையாகப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டு மனையாகவே பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு. எனினும் 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி வரன்முறை செய்யாவிடில், அங்கே வீடு கட்ட அனுமதி கிடைப்பதரிது. மனையின் நீள அகலத்தை அளந்து பார்ப்பதோடு, அதற்குச் செல்லும் தடம் பொதுவழியா, பிறர் காட்டு வண்டித்தடமா என்றும் விசாரியுங்கள். தடப் பாத்தியம் பத்திரத்தில் இல்லையேல், செங்கல் வண்டி உள்ளே போகாது.

இறுதியாகச் செலவு. கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக 10 இலட்சம் ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும். அதே மனைக்கு 10,000 ரூபாய் மிச்சம். தாய்மார்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைப்பதாக எண்ணிப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதாதீர்கள். வழக்கு வந்தால், எழுதாத பணத்தைக் கொடுத்ததாக மெய்ப்பிப்பது கடினம்.

பதிவோடு வேலை முடிந்ததாக எண்ணாமல், பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெரிய காட்டின் ஒரு பகுதியை வாங்கியிருந்தால், நில அளவர் மூலம் உட்பிரிவு செய்யுங்கள். கிரயத்திற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டுவதற்கு ஆகும் செலவு, பின்னர் நீதிமன்றத்திற்கு நடக்கும் செலவில் ஒரு சிறு துளியே.

"இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் மனை வேறொருவருக்குப் போய்விடும்" என்று யாரேனும் அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுங்கள். வேறு மனை கிடைக்கும். நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம் கட்டும் வீடு, உங்கள் பிள்ளைகள் வழக்கின்றி வாழும் வீடாக விளங்கட்டும்.