திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் பேசப்பட்டது என்ன?

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, "சாமி, பங்கு வளர்ந்த வரலாற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த வரலாற்றை நம்மைவிட நன்கு அறிந்த முதியோர் பலர் இதோ முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கதையை அவர்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலையாகும். ஆகவே, வேறொரு பொருளைப் பேச அனுமதி பெற்றோம். அரசியலைப் பற்றிப் பேசப்போகிறோம். யாரும் பயப்பட வேண்டாம். எந்தச் சின்னத்துக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்லப்போவதில்லை. அரசியல் செய்தியை எப்படிப் படிப்பது, மாற்றுக் கட்சிக்காரரோடு எப்படி அமர்ந்து பேசுவது என்பதுதான் நம் பொருள்.

ஜூபிலி ஆண்டில் இது எதற்கு என்று கேட்கலாம். நம் பங்கில் இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேசி, நாள் குறிக்கும் கட்டம் வரை வந்திருந்தன. 2024-ஆம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தல் நேரத்தில், அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படத்தை அனுப்ப, ஒரு வீட்டார் அதற்கு ஒரு பதில் போட, மறு வீட்டார் அதற்கு மேல் ஒன்று போட, விடிவதற்குள் பேச்சு முறிந்துபோயிற்று. இன்றுவரை திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரத்தில் அந்த இரு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வதை நாம் பீடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். படத்தை எடுத்தவர் யார், அது எங்கே எடுக்கப்பட்டது என்பது இரு வீட்டாருக்கும் தெரியாது. விசாரித்துப் பார்த்தோம், அனுப்பியவருக்கும் தெரியவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 2021-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தவக்கால ஞாயிறு ஒன்றில், கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி நாமே மறையுரையில் ஓர் அரசாங்க உத்தரவைப் பற்றிச் சூடாகப் பேசிவிட்டோம். பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்குள் நுழைந்ததும், நம் வயதான உபதேசியார் கதவைச் சாத்திவிட்டு, "சாமி, நீங்க சொன்னது வேற மாநிலத்துல நடந்தது. அதுவும் மூணு வருஷத்துக்கு முந்தி" என்றார். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று, சொன்னது தவறு என்று சொன்னோம். ஆனால் முதல் வாரம் கேட்டவர்களில் பலர் அடுத்த வாரம் வரவில்லை. "சாமியாரே சொன்னார்" என்ற முத்திரையோடு அந்தப் பொய் வெகுநாள் ஊரைச் சுற்றியது. எட்டாம் கட்டளையைச் சிறுவயது முதல் மனப்பாடம் செய்து, குருமடத்தில் அதற்கு விளக்கமும் படித்து, ஐம்பது வயதைத் தாண்டி அதில் சறுக்கினோம்.

இது விளையாட்டு விஷயம் அல்ல என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, போளூரை அடுத்த அத்திமூரில், 2018 மே மாதம் என்ன நடந்தது? குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தார், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அப்போது கைப்பேசிகளில் பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அது அரசியல் செய்தி அல்ல என்பீர்கள். ஆனால் அரசியல் வதந்தி பரவுவதும் அதே கைப்பேசியில்தான்; நம்புவதும் அதே மனம்தான். 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது நாம் குருமட மாணவர். செய்தவர் யார் என்று எவருக்கும் தெரியாத அந்த நேரத்திலேயே, ஒரு கட்சியினரின் வீடுகளும் உடைமைகளும் பல ஊர்களில் தாக்கப்பட்டன. வாட்ஸ்அப் அன்று ஏது?

இனி, இந்த உரைக்கு நாம் கொடுத்திருக்கும் தலைப்புக்கு வருவோம். நம் ஊரில் நடந்த நிகழ்ச்சி அது. நம் இளைஞர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1949 மே மாதம், அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி திருவண்ணாமலைக்கு வந்தார். அருணாசலேசுவரர் கோவிலில் புதுப்பிக்கப்பட்ட பாதாள லிங்கச் சன்னிதியைத் திறந்து வைப்பதற்காக வந்தார். அதே நேரத்தில் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் இங்கே வந்து, ரயில் நிலையத்தில் ராஜாஜியின் ரயில் பெட்டியிலேயே அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். தேதி மே 14. நம் நிலையத்துக்கு இதைவிடப் பெரிய சரித்திரம் கிடையாது என்று நினைக்கிறோம். (சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி ரயில் வந்ததும் சரித்திரந்தான் என்பார்கள் நம் வியாபாரிகள், அதற்கு 2024 வரை காத்திருந்தோம்.)

இருவரும் எப்படிப்பட்டவர்கள்? ஒருவர் ஆத்திகர், மற்றவர் நாத்திகர். 1938-இல் ராஜாஜி பிரதமராக இருந்து பள்ளிகளில் இந்தியைப் புகுத்த, அதை எதிர்த்துச் சிறை சென்றவர் பெரியார். 1947 ஆகஸ்ட் 15-ஐ நாடு கொண்டாட, அது துக்க நாள் என்று அறிவித்தவர் பெரியார். அந்தச் சுதந்திர நாட்டின் தலைமைப் பதவியில் இருந்தவர் ராஜாஜி. இப்படிப்பட்ட இருவர் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசியிருப்பார்கள்? தமிழ்நாடே கேட்டது. கோவையில் நடந்த மாநாட்டில் அறிஞர் அண்ணா இதை வெளிப்படையாகவே எழுப்பினார். அது சொந்த விஷயம் என்று பெரியார் முடித்துக்கொண்டார்.

தெரியாத இடத்தை ஊகம் நிரப்பிற்று. அடுத்த மாதமே பெரியார், தம்மைவிட வயதில் மிக இளையவரான மணியம்மையாரை மணக்கப்போவதாக அறிவித்தார். ஜூலை 9-இல் பதிவுத் திருமணம் நடந்தது. இயக்கத்தில் பெரும் புயல் எழுந்தது. இந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் ராஜாஜியே, இயக்கத்தைக் கெடுக்க அவர் செய்த சூழ்ச்சியே இது என்று பேசியவர்களும் எழுதியவர்களும் பலர். செப்டம்பர் 17-இல் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. பிளவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகஸ்ட் 15 குறித்தே பெரியாருக்கும் அண்ணாவுக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. எல்லாவற்றையும் ரயில் பெட்டியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

ஆனால் உண்மை என்ன? பல ஆண்டுகள் கழித்து ராஜாஜி எழுதிய கடிதம் வெளிவந்தபோது தெரிந்தது: அந்தத் திருமணம் வேண்டாம் என்றே அவர் ஆலோசனை கூறியிருந்தார். ஊர் நம்பியதற்கு நேர் எதிர். இன்னொன்றையும் கவனியுங்கள். பழி தம்மீது வந்தபோது, "நான் தடுத்தேன், அவர்தான் கேட்கவில்லை" என்று ஓர் அறிக்கை விட ராஜாஜிக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் விடவில்லை. நண்பர் அந்தரங்கமாகக் கேட்டார், அந்தரங்கமாகப் பதில் சொன்னார், அதோடு சரி. நாமாக இருந்தால் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அன்றிரவே குழுவில் போட்டிருப்போம்.

நம்மை வியக்க வைப்பது அதன் பிறகு நடந்தது. பெரியாரை விட்டுப் பிரிந்தவர்கள் தங்கள் கட்சியில் தலைவர் நாற்காலியை அவருக்கென்றே காலியாக வைத்தார்கள். 1967 தேர்தலில், சூழ்ச்சிக்காரர் என்று ஏசப்பட்ட ராஜாஜி அண்ணாவோடு கூட்டணி. பெரியாரோ காமராசருக்காகக் காங்கிரஸ் பக்கம். அந்தத் தேர்தலில் வென்ற அண்ணா, பதவியேற்கும் முன்பே திருச்சிக்குப் போய்த் தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைப் பார்த்து மரியாதை செலுத்தினார். 1972-இல் கிறிஸ்து பிறப்பு நாளன்று ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். கொள்கையில் இருவரும் கடைசிவரை ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால்தான் மரியாதை செய்ய முடியும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சரி, செய்திக்கு வருவோம். "நடுநிலையான பத்திரிகை ஒன்றைச் சொல்லுங்கள், அதையே வாங்குகிறோம்" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி ஒன்றைக் காட்ட நம்மால் இயலாது. தமிழ்நாட்டில் பத்திரிகை பெரும்பாலும் ஏதாவதொரு கொள்கைக்காகவே பிறந்திருக்கிறது. 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' தேசியத்துக்காக. 'விடுதலை' சுயமரியாதைக்காக. 'ஜனசக்தி'யும் 'தீக்கதிரும்' பொதுவுடைமைக்காக. 'முரசொலி' எந்தக் கட்சியுடையது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தொலைக்காட்சி வந்தபின் கட்சிக்கு ஓர் அலைவரிசை என்றாயிற்று. இதைப் பெரிய சீர்கேடு என்று பலர் வருந்துகிறார்கள். நமக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. கட்சிப் பத்திரிகை தன் கட்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. படிக்கிறவன் அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொள்ளலாம், சந்தையில் எடைக்கல்லைப் பார்த்து வாங்குவதுபோல.

நாம் அஞ்சுவது முகவரி இல்லாத செய்திக்குத்தான். பத்திரிகையில் எங்காவது ஒரு மூலையில், பொடி எழுத்தில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஆனால் அது சட்டப்படி இருக்க வேண்டிய வரி. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. பொய் எழுதினால் யார்மீது வழக்குப் போடுவது என்பதற்கு அந்த வரி விடை. தேர்தல் நேரத்துத் துண்டறிக்கைக்கும் சுவரொட்டிக்கும்கூட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதே விதியை வைத்திருக்கிறது: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் ஒட்டக்கூடாது. உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்தியில் அந்த வரி எங்கே? "அனுப்பப்பட்டது" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அத்திமூர் போன்ற சம்பவங்கள் நாடெங்கும் நடந்தபின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் கணக்கு என்னவாகும் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள்.

பொய்யைச் சரிபார்க்க மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. பயன்படுத்துங்கள். ஆனால் அரசாங்கத்தைப் பற்றிய செய்தியை அரசாங்கமே சரிபார்க்கும்போது, பக்கத்தில் இன்னொரு சாட்சியும் இருப்பது நல்லது. சாட்சி இருவராவது வேண்டும் என்பது மோசே காலத்துச் சட்டம்.

இனி, நம் பங்கில் சென்ற ஆண்டு தொடங்கிய ஒரு சிறு முயற்சி. இரண்டாம் பூசைக்குப் பிறகு, பங்கு இல்லத் திண்ணையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நாளிதழ்களை விரித்து வைத்தோம். ஒரே செய்தியை இரண்டிலும் படிக்க வேண்டும், பிறகு பேசலாம். விதி ஒன்றுதான். அது புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே வைத்த அறிவுரையிலிருந்து எடுத்தது: எதிரே இருப்பவர் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ள முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் என்ன பொருளில் சொன்னார் என்று அவரையே கேள். அதை நம் திண்ணைக்கு ஏற்ப மாற்றினோம். பதில் சொல்வதற்கு முன், எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மறுக்கலாம்.

முதல் ஞாயிறு படுதோல்வி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவரும் மகளிர் உரிமைத்தொகையைப் பற்றி எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஆசிரியர் மூன்று முறை திருப்பிச் சொல்லியும் தம்பி, "நான் அப்படிச் சொல்லலீங்க சார்" என்று தலையாட்டினார். ஆசிரியருக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அவரே முதல் ஆளாக வந்து, "தம்பி, உங்க வீட்டுல அந்த ஆயிரம் ரூபாய் எதுக்குப் போகுது? அதைச் சொல்லு முதல்ல" என்றார். அந்தக் கேள்விக்குத் தம்பி சொன்ன பதில் பிள்ளையின் டியூஷன் கட்டணம் பற்றியது. ஆசிரியர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அரசின் கடன் பெருகுகிறது என்று இன்றும் சொல்கிறார். தம்பியும் மாற்றிக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போகிறார்கள். யார் காசு கொடுப்பது என்பதில்தான் இப்போது சண்டை.

பெண்கள் இதுவரை மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் குறை நம்முடையது. காலைப் பூசை முடிந்ததும் அவர்களுக்கு அடுப்படி காத்திருக்கிறது என்பதை யோசிக்காமல் நேரம் வைத்துவிட்டோம். மாலைக்கு மாற்ற ஒரு யோசனை இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு குடும்பங்களையும் அழைத்திருக்கிறோம். ஒரு வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். மறு வீட்டாரின் பெரியவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் சென்ற ஞாயிறு திண்ணை ஓரமாக நின்று தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டுப் போனதைப் பார்த்தோம். இரண்டு நாளிதழ்களுக்கும் ஓராண்டுச் சந்தாவைப் பங்கு மன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக எதை வாங்குவது என்பதில் மன்றத்துக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதற்கு வாக்கெடுப்பு.