களர் நிலமும் உழுபவர் உரிமையும்



இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட நிலவரைபடத் தொகுப்பின்படி, 2018-19இல் இந்தியாவில் ஏறத்தாழ 9.78 கோடி ஹெக்டேர் நிலம் சீரழிந்திருந்தது. நாட்டின் நிலப்பரப்பில் இது 29.77 சதவீதம். இதில் 2.6 கோடி ஹெக்டேரை 2030க்குள் மீட்பதாக 2019இல் ஒன்றிய அரசு உலக நாடுகளுக்கு உறுதியளித்தது. மீட்கப்படும் நிலத்தின் பலன் யாருக்கு என்பதே உழைக்கும் விவசாயிகளின் கேள்வி.

உத்தரப்பிரதேசத்தில் ‘ஊசர்’ எனப்படும் களர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். மண்ணில் சோடியம் மிகும்போது களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. நீர் கீழே இறங்காமல் தேங்குகிறது, வேர் அழுகுகிறது, கோடையில் நிலம் வெளுத்து இறுகுகிறது.

இதற்குத் தீர்வு உண்டு. 1969இல் நிறுவப்பட்டு கர்னாலில் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான முறையை வகுத்தளித்தது. வயலைச் சமன்செய்து, வரப்பை உயர்த்தி, ஜிப்சம் இட்டு நீர் தேக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. வெளியேறிய சோடியத்தை நீர் வேருக்குக் கீழே இழுத்துச் செல்கிறது. அதன்பின் நெல், கோதுமை. இடையில் தக்கைப்பூண்டை மடக்கி உழுதல். பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசத்தில் பல லட்சம் ஹெக்டேர் இவ்வாறு விளைநிலமாயிற்று.

ஆனால், இம்முறைக்குப் பணமும் நீரும் காலமும் தேவை. நில விநியோகத்தின்போது தலித் மக்களுக்கும் நிலமற்றோருக்கும் பல இடங்களில் கிடைத்தது களர் நிலமே. பட்டா கைக்கு வந்தது, விளைச்சல் வரவில்லை. குத்தகை விவசாயியின் நிலையோ இன்னும் கடினம். ஜிப்சத்தின் பலன் பல ஆண்டுகளுக்கு நீடிக்கும். வாய்மொழிக் குத்தகையோ ஒரு பருவத்தில் முடிந்துவிடலாம். அடுத்த ஆண்டு வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சுபவர் எந்தத் துணிவில் மண்ணில் முதலிடுவார்? வடிகாலின்றி, சாகுபடி நின்றுபோனால் திருத்திய நிலமும் மீண்டும் களராகிறது.

எனவே, மண் மீட்பையும் நில உரிமையையும் பிரிக்க இயலாது. குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். திருத்திய நிலத்திலிருந்து உழுபவரை வெளியேற்றுவது தடுக்கப்பட வேண்டும். ஜிப்சமும் வடிகாலும் அரசின் பொறுப்பாக வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி, சிறு குறு விவசாயிகளின் வயல்களில் நில மேம்பாட்டுப் பணிகளுக்கு இடமளித்தது. அந்த உரிமையைக் காக்கவும் போராட வேண்டும்.

விவசாயிகள், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளின் கிளைகள் தத்தம் ஊரில் பாழ்பட்ட நிலம் எவ்வளவு, பட்டா யார் பெயரில், உழுபவர் யார் என்று கணக்கெடுக்கட்டும். அந்தப் பட்டியலிலிருந்து இயக்கம் தொடங்கட்டும்.