ஆயுதம் முதலில் என்ற பிடிவாதம்



தேசப் பாதுகாப்பு, அமைதிப் பேச்சு என்று பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போகலாம். தலைமை உரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நீங்களும் பழகியிருப்பீர்கள். நான் வட அயர்லாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1971 ஆகஸ்ட் 9, விடியற்காலை. பிரிட்டிஷ் படையினர் வீடு வீடாகப் புகுந்து 342 பேரைப் பிடித்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, நேரே காவல். இதைக் கேட்டு வாங்கியவர் அன்றைய வட அயர்லாந்துப் பிரதமர் பிரையன் ஃபாக்னர். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) ஆட்களை உள்ளே தள்ளிவிட்டால் தெரு அடங்கிவிடும் என்பது கணக்கு. கையிலிருந்த பட்டியலோ அரதப் பழசு. இயக்கத்தை விட்டு எப்போதோ விலகியவர்கள் மாட்டினார்கள். தேடப்பட்டவர்கள் பலர் முன்பே நழுவிவிட்டார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பிய எதிர்த்தரப்பின் ஆயுதக் குழுக்களை அன்று யாரும் தொடவில்லை. பிடித்தவர்களில் நூறு பேருக்கு மேல் இரண்டே நாளில் விட வேண்டியதாயிற்று.

தெரு அடங்கவில்லை. 1972-இல் மட்டும் ஏறத்தாழ 500 பேர் மாண்டார்கள். முப்பதாண்டுப் பூசலில் அவ்வளவு பேரைப் பலிகொண்ட ஆண்டு வேறில்லை. அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று டெரி நகரில் ஊர்வலம் போனவர்கள் எதிர்த்ததே இந்த விசாரணையற்ற காவலைத்தான். படையினர் சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தார்கள். சுடப்பட்டவர்களால் ஆபத்து ஏதும் இருக்கவில்லை என்று சாவில் விசாரணைக் குழு சொல்ல 2010 ஆகிவிட்டது. விசாரணைச் செலவு 19 கோடி பவுண்டுக்கு மேல். ஒரு விடியற்காலைச் சாமர்த்தியத்துக்கு 38 ஆண்டு கழித்து வந்த கட்டணத்தில் இது ஒரு பகுதிதான்.

1994-இல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. ஆயுதத்தில் ஒரு பகுதியையாவது ஒப்படைத்துவிட்டுப் பேச்சுக்கு வரட்டும் என்றது லண்டன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த அரசும் அதைத்தான் கேட்கும். பேச்சும் ஆயுதக் களைவும் கூடவே நடக்கட்டும் என்று அமெரிக்கரான ஜார்ஜ் மிட்செலின் குழு 1996 ஜனவரியில் சொன்னது. அடுத்த மாதமே லண்டன் துறைமுகப் பகுதியில் ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். போர்நிறுத்தம் போயிற்று.

1998 ஏப்ரல் 10 உடன்பாட்டில் வரிசையே மாறியது. வட அயர்லாந்து யாருக்குச் சொந்தம் என்ற தலையாய கேள்வியை முதலில் முடித்தார்கள்: அங்குள்ள பெரும்பான்மையோர் வேறு மாதிரி முடிவு செய்யும்வரை அது பிரிட்டனோடு இருக்கும். அயர்லாந்துக் குடியரசு தன் அரசியல் சாசனத்தில் இருந்த உரிமைக் கோரலை விட்டுக்கொடுத்தது. ஆயுதத்துக்கு இரண்டு ஆண்டு தவணை. இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் ஐந்தாண்டு முன்பு செய்த ஒஸ்லோ உடன்பாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாத பயணத்தை வழியிலேயே கெடுக்க விரும்பியவர்களுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. தள்ளிப்போடுவதையே தொலைநோக்கு என்று எழுதும் நம் ஆய்வாளர்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள் என்று கேட்பதில்லை.

வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்டிலும் தவணை தப்பியது. உடன்பாட்டால் பிறந்த சட்டமன்றம் நான்கு முறை முடக்கப்பட்டது. 2005 செப்டம்பரில்தான் ஐ.ஆர்.ஏ. ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டதாக, ஆயுதக் களைவைக் கண்காணித்த கனடியத் தளபதி ஜான் டி சாஸ்டெலைன் அறிவித்தார். உடனிருந்து பார்த்த சாட்சிகள் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும். புகைப்படம் வேண்டும் என்று, பிரிட்டனோடு இருக்க விரும்பும் தரப்பின் கடும்போக்காளர் இயன் பெய்ஸ்லியின் கட்சி அடம்பிடித்தது. படம் வந்தால் அது அவமானம் என்றது ஐ.ஆர்.ஏ. படம் வெளிவரவே இல்லை. 2007-இல் பெய்ஸ்லி முதலமைச்சர், முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சர். அந்தப் படம் கிடைத்திருந்தால் பெய்ஸ்லிக்கு ஒரு தேர்தல் முழுக்கச் சுவரொட்டி ஒட்ட உதவியிருக்கும். மெக்கின்னஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்.

பொறுத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? உடன்பாட்டுக்கு உழைத்த இரு தரப்பு மிதவாதத் தலைவர்கள் ஜான் ஹியூமும் டேவிட் டிரிம்பிளும் 1998-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2003 தேர்தலில் இருவரின் கட்சிகளையும் கடும்போக்குக் கட்சிகள் முந்தின. 2005-இல் டிரிம்பிள் நாடாளுமன்றத் தொகுதியையே பறிகொடுத்தார். நீண்டகால நோக்கை வாய் நிறையப் புகழும் நாம் இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

இந்த உடன்பாட்டைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உண்மை தெரிய அதில் வழி செய்யப்படவில்லை. அந்தக் கொலைகள் குறித்து 2023-இல் லண்டன் கொண்டுவந்த சட்டத்தை அந்தக் குடும்பங்களே எதிர்த்து நீதிமன்றம் போயின. பெல்ஃபாஸ்டில் இரு சமூகத்தாரின் குடியிருப்புகளைப் பிரிக்கும் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பிப்ரவரியில் செய்த போர்நிறுத்த உடன்பாட்டைப் பற்றி இந்த அரங்கில் பேச இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். யார் எத்தனை முறை மீறினார் என்ற பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கேள்வி தள்ளிப்போடப்பட்டது, தள்ளிப்போட்டவர் யார், அப்போது அவர் முன்னால் எந்தத் தேர்தல் இருந்தது, கொழும்பிலும் வன்னியிலும் யாருக்கு அந்த அவகாசம் உதவியது என்பதையும் சொல்லுங்கள். நேரம் போதாவிட்டால் முன்னுரையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியைக் குறைக்காதீர்கள்.