டியூப் இல்லாத சக்கரம்



புனே நகரைச் சைக்கிள்களின் ஊர் என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. பின்னர் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் வந்து அப்பெயரைப் பறித்துக்கொண்டன. இப்போது சைக்கிள் வேறு கோலத்தில் திரும்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நகரைச் சூழ்ந்த குன்றுகளின் பக்கம் சென்றால், தடித்த டயரும் முன்புறம் வில்லும் கொண்ட மலைச் சைக்கிள்களில் இளைஞரும் நடுவயதினரும் மண்பாதைகளில் ஏறுவதைக் காணலாம். அவர்களுள் நம் தமிழ் மக்களும் பலர் இருக்கின்றனர்.

இங்கே குன்றை டேக்டி என்பார்கள். இங்குள்ள உயர்ந்த குன்றுகளுள் ஒன்று வேதாள் டேக்டி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். தென்மேற்கே சற்றுத் தொலைவில் சிங்ககட் கோட்டை நிற்கிறது. 1670ஆம் ஆண்டில் தானாஜி மாலுசரே உயிர் கொடுத்து மீட்ட கோட்டை அது. இந்தப் பக்கத்து மண்பாதைகளில் சைக்கிளுக்குப் பகையாவன இரண்டு. ஒன்று கூரிய கல், மற்றொன்று முள். நமது கருவேல மரத்தை மராட்டியர் பாபள் என்கின்றனர். பெயர் வேறானாலும் முள் ஒன்றுதான்.

ஒரு மாலை வேளையில் வேதாள் குன்றின் மேல் என் பின்சக்கரத்தில் முள் ஏறியது. மாற்று டியூபைப் பொருத்தினேன். கால் மணி நேரம் செல்வதற்குள் முன்சக்கரமும் தரையோடு படுத்துவிட்டது. இரண்டாவது டியூப் என்னிடம் இல்லை. இருள் கவிந்த பாதையில், கைப்பேசியின் ஒளியைத் துணையாகக் கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். டியூப் இல்லாத சக்கரத்தைப் பற்றி நான் கற்கத் தொடங்கியது அன்றுதான்.

டியூப் இல்லாத டயர் புதிய செய்தியன்று. இன்றைய கார்களில் ஏறக்குறைய எல்லாம் அவ்வகையினவே. ஆனால் சைக்கிளுக்கு அது எளிதில் வரவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரை அமைத்தார். 1891இல் பிரான்சு நாட்டு மிஷ்லின் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டும் டயரைத் தந்தனர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் டயருக்குள் டியூப் என்னும் ஏற்பாடே சைக்கிளில் நிலைத்தது. காரணம் எளியது. கார்ச் சக்கரத்தின் வளையத்தில் வால்வுக்கு ஒரு துளை மட்டும் உண்டு. சைக்கிள் ரிம்மிலோ ஆரக் கம்பிகளைப் பிணைக்க 28 அல்லது 32 துளைகள் இருக்கின்றன. அத்தனை ஓட்டைகள் உள்ள பாத்திரத்தில் காற்று எங்ஙனம் நிற்கும்?

1999இல் மாவிக் என்னும் பிரெஞ்சு நிறுவனம், மிஷ்லின், ஹட்சின்சன் ஆகிய டயர் நிறுவனங்களுடன் சேர்ந்து, உட்புறம் துளையே இல்லாத ரிம்மையும் அதற்கு இசைந்த டயரையும் வெளியிட்டது. அது நல்ல வழி. ஆனால் விலையும் எடையும் மிகுதி. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் ஸ்டான் கோசியாடெக் என்பவர் மாற்று வழியைப் பரப்பினார். இருக்கும் ரிம்மின் துளைகளை நாடாவால் மூடி, டயருக்குள் அடைப்புப் பாலை ஊற்றுவதே அவ்வழி. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்யக்கூடிய வேலையாக இது மாறியது அப்போதுதான்.

சீலன்ட் என்று கடைகளில் விற்கும் அந்தப் பாலைப் பற்றி ஒரு சொல். அது பெரும்பாலும் ரப்பர் பாலைக் கொண்டு செய்யப்படுவது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். மரப்பட்டையைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். சில மணி நேரத்தில் அது உறைந்து கீறலை மூடிவிடும். மரம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. டயரிலும் நடப்பது இதுவே. முள் குத்தியதும் உள்ளிருக்கும் காற்று பாலைத் துளையை நோக்கித் தள்ளுகிறது. பாலில் கலந்திருக்கும் நுண்ணிய இழைகளும் துகள்களும் துளையில் சிக்கிக்கொள்ள, பால் அவற்றைச் சுற்றி உறைகிறது. ஓட்டுபவர் அறியாமலே பஞ்சர் ஆறிவிடுகிறது.

கல்லினால் வரும் தொல்லையும் இதனால் குறைகிறது. டியூப் உள்ள சக்கரம் கல்லின் மேல் மோதும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும். அதற்கு அஞ்சியே காற்றை மிகுதியாக அடைக்கிறோம். நசுங்க டியூபே இல்லையென்றால் காற்றைக் குறைக்கலாம். 35 பவுண்டு அடித்த டயருக்கு 25 பவுண்டு போதும். டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். சரளைக் கற்களில் வழுக்காது.

இனி, செய்யும் முறை. முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. உங்கள் ரிம்மும் டயரும் டியூப்லெஸ் முறைக்கு ஏற்றவை என்று அவற்றின் மீதோ நிறுவனத்தின் குறிப்பிலோ கூறப்பட்டிருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதன்முறை நான் சாதாரண டயரைக் கொண்டே முயன்றேன். காற்று ஏற ஏற அதன் விளிம்பு ரிம்மை விட்டு வெடியோசையுடன் கழன்றது. பால்கனிச் சுவர் முழுவதும் வெள்ளைப் பால். என் முகம் தப்பியது நற்பேறு. குன்றின் சரிவில் வேகமாக இறங்கும்போது அது நேர்ந்திருந்தால், இழப்பு சுவருக்குப் பூசிய சுண்ணத்தோடு நின்றிராது. ஆகவே ஏற்ற டயர் இல்லையெனில் டியூபுடனே ஓட்டுவது மேல்.

பரிசோதனை முடிந்தபின் டயரையும் டியூபையும் பழைய ரிம் பட்டையையும் கழற்றுங்கள். ரிம்மின் உட்புறத்தைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். எண்ணெய்ப் பசை சிறிது இருந்தாலும் நாடா ஒட்டாது.

அடுத்தது நாடா ஒட்டுதல். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். டியூப்லெஸ் ரிம்முக்கென்றே விற்கும் நாடாவை வாங்குக. ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை அது அகலமாக இருக்கட்டும். வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்பாகத் தொடங்கி, நாடாவை நன்கு இழுத்துப் பிடித்தபடியே ஒட்டிக்கொண்டு வந்து, துளையைக் கடந்து ஒரு சாண் தள்ளி முடியுங்கள். சுருக்கமோ காற்றுக் குமிழோ இருந்தால் கட்டைவிரலால் அழுத்தி நீவிவிடுங்கள். அவசரப்பட்டு ஒட்டிய நாடா, அடுத்த நாள் காலையில் காற்றிழந்த சக்கரமாக நம்மைப் பார்த்து நகைக்கும்.

பிறகு வால்வுத் துளையின் மேலுள்ள நாடாவைக் கூரிய ஊசியால் குத்தி, வால்வு இறுக்கமாக நுழையும் அளவுக்கே திறக்க வேண்டும். வால்வின் ரப்பர் அடிப்பாகம் ரிம்மில் நன்கு அமரட்டும். வெளியிலுள்ள மரையைக் கையால் முறுக்கினால் போதும். குறடு கொண்டு முறுக்கினால், வழியில் டியூப் போட நேரும் வேளையில் வால்வைக் கழற்ற இயலாது.

இப்போது பால் ஊற்றாமலே டயரை மாட்டிக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். விளிம்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டால் காற்று தாராளமாகப் புகும். தரையில் நிறுத்தி அடிக்கும் பெரிய பம்பினால் விரைந்து அடித்தால், டப், டப் என்ற ஒலியுடன் டயர் விளிம்பு ரிம்மில் சென்று அமரும். அமராமல் முரண்டு செய்தால் ஓர் உபாயம் உண்டு. டியூபை உள்ளே இட்டுக் காற்றடித்து, ஓர் இரவு அப்படியே வைத்திருங்கள். மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் விடுவித்து டியூபை எடுத்துவிட்டால், மறுபக்க விளிம்பு அமர்ந்தபடியே இருக்கும். பாதி வேலை முடிந்ததாகும். பஞ்சர் கடையின் காற்று எந்திரத்தை நாடுவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். ரிம்முக்கு ஓர் உச்ச அளவு உண்டு, டயருக்கு ஓர் உச்ச அளவு உண்டு. இரண்டில் குறைந்ததை ஒருபோதும் தாண்டலாகாது.

டயர் அமர்ந்த பின் காற்றை விட்டுவிட்டு, குப்பியை நன்கு குலுக்கி, சிறு பீச்சுகுழல் கொண்டு வால்வின் வழியே பாலைச் செலுத்துங்கள். 27.5 அங்குலச் சக்கரத்திற்கு 80 முதல் 100 மில்லிலிட்டர், 29 அங்குலச் சக்கரத்திற்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் போதுமானது. ரப்பர் பால் ஒவ்வாதவர்கள் கையுறை அணிய வேண்டும். உள்ளூசியைத் திரும்ப மாட்டிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றிக் குலுக்கி, இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது நேரம் படுக்க வையுங்கள். ஊரில் நம் சைக்கிள் கடைக்காரர் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழ் பார்த்ததை நினைவிற் கொள்ளுங்கள். இங்கும் சோப்பு நீர் அதே சான்றைச் சொல்லும். குமிழ் எழும் இடத்தில் பால் சென்று சேருமாறு சக்கரத்தைச் சாய்த்தால், சற்று நேரத்தில் குமிழ் ஓயும்.

ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ளவர் 2.25 அங்குல டயரில் முன்னே 22, பின்னே 25 பவுண்டு என்று தொடங்கலாம். பின்னர் ரிம் கல்லில் இடிக்காத அளவையும் டயர் நெளியாத அளவையும் தம் அனுபவத்தால் காண வேண்டும்.

இவ்வளவும் செய்தால் பஞ்சர் என்பதே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். முள் துளையை அடைக்கும் பால், கல் கிழித்த கிழிசலை அடைக்காது. ஆகையால் ஒரு மாற்று டியூபும் சிறு பம்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். வழியில் டியூபை இட நேர்ந்தால், முதலில் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். பால் ஆற்றிவிட்ட பழைய முட்கள் பல அங்கே ஒளிந்திருக்கும். அவற்றைப் பிடுங்காமல் இட்ட டியூப் இட்ட நொடியிலேயே போய்விடும்.

பாலுக்கும் ஆயுள் உண்டு. புனேயின் பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மாதங்களில் அது உலர்ந்துவிடும். இந்த உரையைப் பிற மாநிலங்களில் இருந்து படிப்போருக்கும் இது பொருந்தும். தில்லியின் மேட்டுக்காட்டில் விலாயதி கீகர் என்றும், கட்ச் பகுதியில் காண்டோ பாவள் என்றும் வழங்குவது நமது சீமைக் கருவேலமே. நாம் எங்கே குடியேறினாலும் நமக்கு முன்பே அந்த முள் அங்கே குடியேறியிருக்கிறது.

ஆகவே மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். முற்றிய தேங்காயைக் குலுக்கினாற்போல் நீரோசை கேட்டால் பால் இருக்கிறது என்று பொருள். ஓசை இல்லையெனில் குன்றுக்குப் புறப்படும் முன் குப்பியை எடுங்கள்.