நேரம் தப்பிய விடை



மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு ஈதர்நெட் தொடர்பு மென்பொருள் எழுதுவது என் தொழில். அது எனக்குக் கற்பித்த ஒன்றை மட்டும், இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களாகிய உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்: நேரம் தப்பி வரும் சரியான விடையும் தவறான விடைதான்.

1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஈதர்நெட், அலுவலகக் கணினிகளுக்காக உருவானது. அன்றைய ஈதர்நெட்டில், ஒரே கம்பியில் இரண்டு கணினிகள் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் இரண்டுமே நிறுத்திவிடும்; ஆளுக்கொரு தற்செயலான இடைவெளி விட்டு மறுபடியும் பேசும். கடிதம் அச்சிட அது போதுமானதாக இருந்தது. ஆனால், ஒரு சர்வோ மோட்டாரின் மின்னோட்டத்தை நொடிக்கு 10,000 முறை சரிசெய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 100 மைக்ரோநொடிதான். அங்கே தற்செயலுக்கு இடமில்லை.

2003இல் ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஈதர்கேட், இதற்கு அழகான ஒரு தீர்வைத் தந்தது. கோயிலில் தீபாராதனைத் தட்டு வரிசையாக வரும்போது காணிக்கையை இட்டுத் திருநீற்றை எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்படித்தான் ஒரே ஃபிரேம், அதாவது ஒரே தரவுப் பொதி, எல்லாக் கருவிகளின் வழியாகவும் ஓடுகிறது. ஓடும்போதே ஒவ்வொரு கருவியின் வன்பொருளும் தனக்கான கட்டளையை எடுத்து, தன் அளவீட்டை அதில் வைத்துவிடுகிறது. கருவிகளின் கடிகாரங்கள் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான வேறுபாட்டுடன் இணைந்து ஓடுகின்றன.

வன்பொருள் இவ்வளவு செய்தும், பொறுப்பு மென்பொருளிடமே வந்து சேர்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சி2000 வரிசைச் சில்லுகள் சிலவற்றில் தொடர்புக்கு ஒரு கோர், மோட்டார் கட்டுப்பாட்டுக்கு வேறு கோர். முதலாவது எழுதி முடிக்குமுன் இரண்டாவது படித்துவிட்டால், பாதி பழையதும் பாதி புதியதுமான கட்டளை மோட்டாருக்குப் போகும். கருவி இயங்கத் தொடங்குவதற்கும் ஒழுங்கு உண்டு: இனிட், ப்ரீ-ஆப், சேஃப்-ஆப், ஆப் என்ற படிகளை அது வரிசையாகக் கடக்க வேண்டும். சேஃப்-ஆப் நிலையில் அளவீடுகள் வரும். வெளியீடுகளோ பாதுகாப்பான நிலையிலேயே இருக்கும். அமைப்பு முழுவதும் சரிபார்க்கப்படாமல் எந்த மோட்டாரும் சுழலக் கூடாது என்பதற்கே இந்தப் படிகள்.

கேபிள் அறுந்தால்? ஃபிரேம் வரவில்லை என்பதை வாட்ச்டாக் என்ற காவல் டைமர் கண்டுபிடித்துச் சொல்லும். அதன்பின் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் எழுத வேண்டும். எழுத மறந்தால், கடைசியாக வந்த கட்டளையோடு அது சுழன்றுகொண்டே இருக்கக்கூடும்.

மாணவச் செல்வங்களே, சராசரியைக் காட்டி யாரும் உங்களைப் பாராட்டினால் மயங்காதீர்கள். பத்து லட்சம் கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் மிக மோசமான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேளுங்கள். ஆஸிலாஸ்கோப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். சோதனை மேசையில் மோட்டார் ஓடும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் அது பாதுகாப்பாக நின்ற பிறகே வேலை முடிந்ததென்று கையெழுத்திடுங்கள். நீங்கள் பார்த்தேயிராத ஒரு தொழிலாளி, உங்கள் மென்பொருளை நம்பித்தான் அந்த இயந்திரத்தின் அருகே நிற்கப்போகிறார். அவருடைய நம்பிக்கைக்கு உரியவர்களாக இருங்கள்.