கண்காட்சிக்குக் கிளம்பும் முன்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. "நீதான் வருசத்துக்கு நாலஞ்சு தடவை கண்காட்சிக்குப் போய் வர்றியே, எப்படிக் கிளம்புறதுன்னு சொல்லு, அது போதும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால தெரிந்ததைச் சொல்கிறேன்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் நம்ம மாதிரி பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிக்க ஆரம்பித்தார்கள். அப்போது சேமிப்பும் கடனும்தான் பெரிய விஷயம். இன்றைக்கு நாம் பொருள் செய்கிறோம், அதைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போய் விற்கிறோம். எங்கள் குழு திருவையாறு பக்கம். மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி மாவு, கருப்புக்கவுனி அவல், அரிசி வடகம், மோர் மிளகாய் இதெல்லாம் செய்கிறோம். குழுவில் சேரும் முன்னால் நான் தனியாகப் போன தூரம் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

முதல் தடவை சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடந்த நவராத்திரி விற்பனைக்கு எங்கள் குழுவுக்கு இடம் கிடைத்தது. நானும் இன்னொரு அக்காவும் போனோம். நான் செய்த கூத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. கிளம்புகிற அன்று சாயங்காலம்தான் மூட்டை கட்ட ஆரம்பித்தேன். வடகத்தை அடியில் வைத்து அரிசி மூட்டையை மேலே ஏற்றினேன். கஞ்சி மாவு சூடு ஆறும் முன்னாடியே கவரில் போட்டுப் பின் அடித்துவிட்டேன். ரயிலுக்கு முன்பதிவு செய்யவில்லை, அதனால் பஸ். பஸ் ஸ்டாண்டில் மழை வேற.

காலையில் கடை விரித்துப் பார்த்தால் 8 கிலோ வடகத்தில் 3 கிலோ நொய்யாகிப் போயிருந்தது. மாவு கவருக்குள்ளே வேர்த்துக் கட்டி கட்டியாக இருந்தது. கத்தரிக்கோல் இல்லை, சில்லறை இல்லை. பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வாங்கி அந்த அம்மாவுக்கே சலித்துப் போச்சு. இதுக்கு நடுவில் வீட்டிலிருந்து போன் மேல போன். பையன் அடையாள அட்டை எங்கே, கேஸ் புத்தகம் எங்கே, மாட்டுக்குத் தவிடு எங்கே. விற்பனை பார்த்தேனா, போன் பேசினேனா என்றே தெரியவில்லை.

ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தால் போக்குவரத்துச் செலவு போக கையில் ஒன்றும் நிற்கவில்லை. மாமியாருக்குத் தண்ணீர் தூக்கி முழங்கால் வீங்கியிருந்தது. எங்க வீட்டுக்காரர் திட்டக்கூட இல்லை. "இனிமே இது வேணாம்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் பேச முடியவில்லை.

அன்று ராத்திரி பையனுடைய பழைய நோட்டை எடுத்து, என்னென்ன தப்பாப் போச்சுன்னு ஒவ்வொன்றாக எழுதினேன். 21 வந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் அதை வாசித்தேன். சிரித்தார்கள். ஆனால் அந்த நோட்டு வைத்துத்தான் எங்கள் குழு இன்று வரை கிளம்புகிறது. அதில் இருப்பதை நான்காகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, சரக்கு. மாவோ வடகமோ, நன்றாகக் காய்ந்து, ஆறின பிறகுதான் கவரில் போட்டு ஒட்ட வேண்டும். பின் அடிக்கக் கூடாது, சீலிங் மெஷினில் ஒட்டணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்ம ஊர் காற்றே ஈரம். அதனால் அட்டைப்பெட்டிக்குள் முதலில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதற்குள் பாக்கெட்டை அடுக்கி, தாளை மடித்து மூடிவிட்டுத்தான் டேப் ஒட்டுவோம். வடகத்தைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னுக்குள் இடைவெளி இல்லாமல் பேப்பர் திணிக்கிறோம். இதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்துக் கடையில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை விற்றவர்கள். தலை தனி, உடம்பு தனி, பாவாடை தனி என்று பிரித்து, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். "பொருள் உள்ளே ஆடக் கூடாது, ஆடினா உடையும்"னு சொன்னார்கள். ஆடுவதற்கென்றே செய்த பொம்மையை ஆடாமல் கொண்டு வருகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெட்டி 10, 12 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பெண் தனியாகத் தூக்கிப் படி ஏற வேண்டும், அதுதான் அளவு. ரயிலில் தூங்கும் வகுப்புச் சீட்டுக்கு ஆளுக்கு 40 கிலோவும், இரண்டாம் வகுப்பு உட்காரும் சீட்டுக்கு 35 கிலோவும் கட்டணமில்லாமல் கொண்டு போகலாம். அதற்கு மேல் போனால் பார்சல் ஆபீசில் போட வேண்டும். அரசுப் பஸ்ஸில் நம்ம சுய உதவிக் குழு அடையாள அட்டைக்கு 25 கிலோ வரைக்கும் 100 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமைக் கட்டணம் இல்லை. ஏறின உடனே கண்டக்டரிடம் அட்டையைக் காட்டிவிடுங்கள்.

லேபிளை வீட்டிலேயே ஒட்டிவிட வேண்டும். பொருளின் பெயர், என்னென்ன சேர்த்திருக்கிறோம், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், குழுவின் முகவரி, போன் எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, இத்தனையும் இருக்கணும். கடையில் உட்கார்ந்து ஒட்டலாம்னு போனால், ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் அதில் என்ன, எத்தனை என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். ராத்திரி கணக்குப் பார்க்க அதுவே போதும்.

இரண்டாவது, கடைப்பை. எங்கள் குழுவுக்கு ஒரு சின்ன ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. அது என் வீட்டுப் பெட்டி இல்லை, குழுப் பெட்டி. கத்தரிக்கோல், டேப், மார்க்கர் பேனா, சணல், மேசைத்துணி, துடைக்கிற துணி, முத்திரை போட்ட தராசு, ஜங்ஷன் பாக்ஸ், விலைப்பலகை, பில் புக், காசு போட டப்பா, இவை எப்போதும் அதிலேயே இருக்கும். திரும்பி வந்த அன்றே, தீர்ந்ததை வாங்கி வைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அடுத்த தடவை போகும்போது பார்த்துக்கலாம்னு விட்டால், அடுத்த தடவை மறந்துதான் போவோம். அழைப்புக் கடிதம், தீர்மான நகல், ஆதார் நகல், பதிவுச் சான்று நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைலில். பத்து, இருபது ரூபாய்த் தாள்களை முன்னாடியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். க்யூ.ஆர். அட்டை குழுக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். நம்ம போன் நம்பருக்கோ வீட்டுக்காரர் நம்பருக்கோ பணம் வந்தால், சுத்தமான கைக்கும் சந்தேகம் வரும்.

மூன்றாவது, நம்ம சொந்தப் பை. அஞ்சு நாளைக்கு அஞ்சு பட்டுப்புடவை வேண்டாம். துவைத்தால் ராத்திரியே காய்கிற மாதிரி மூணு புடவை போதும். தினம் சாப்பிடும் மாத்திரை, நாப்கின், சார்ஜர், டார்ச், பூட்டு, சின்னக் குடம் தூக்கவேண்டாம், ஒரு தண்ணி பாட்டில். நாப்கினைத் தேதி பார்த்து எடுத்து வைக்காதீர்கள். தேதி இல்லாவிட்டாலும் வையுங்கள், அலைச்சலில் முன்னாடியே வந்துவிடும். நகை வீட்டில் இருக்கட்டும். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். ரயிலில் அடுப்பு, கேஸ் கொண்டுபோகக் கூடாது. சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி தஞ்சாவூரில் ஏறினால் விடியும் முன்னே எழும்பூர், அதற்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் போதும். டெல்லியில் வருசா வருசம் நவம்பர் 14-லிருந்து 27 வரை பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும், அதில் நம்மைப் போன்ற குழுக்களுக்கும் இடம் உண்டு. சென்னையிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள். முதல் நாளுக்குப் புளிச்சோறு, இரண்டாம் நாளுக்கு அவலும் வெல்லமும். அங்கே நவம்பர் குளிர் நம்ம மார்கழி மாதிரி இல்லை. ஸ்வெட்டரும் காலுறையும் இல்லாமல் போகாதீர்கள். டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடியே போட முடியும். தேதி தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள்.

நான்காவதுதான் பெரிய மூட்டை, நம்ம வீடு. ஆரம்பத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நாளைக்குப் பொடி, வத்தக்குழம்பு, மாவு எல்லாம் அரைத்து வைத்துவிட்டு, ராத்திரி தூக்கமில்லாமல் கிளம்பி, கடையில் உட்கார்ந்து தூங்கி வழிந்தேன். அதை விட்டுவிட்டேன். இப்போது கிளம்பும் முன் சமைத்து வைப்பதில்லை, சமைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பையனுக்குச் சோறு வடிக்கத் தெரியும். வீட்டுக்காரர் ரசம் வைப்பார், புளிப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கேஸ் பதிவு நம்பர், பால் கணக்கு, மாமியார் மாத்திரை வேளை, பள்ளிக்கூட விவரம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய பக்கத்து வீட்டு நம்பர். அந்தத் தாள் வந்த பிறகு போன் குறைந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற வேலை பையனுடையது. "அத்தை, நீங்க குடத்தைத் தொடக் கூடாது"ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவேன்.

தேதியும் பார்க்க வேண்டும். குறுவை அறுப்பு, சம்பா நடவு நேரத்தில் யார் வயலில் வேலை இருக்கிறதோ அவர்களை அனுப்பக் கூடாது. பிள்ளைக்குப் பொதுத்தேர்வு உள்ளவரையும் அனுப்பக் கூடாது. கூட்டத்தில் பேசி முறை வைத்துக்கொள்கிறோம். எங்க வீட்டுக்காரர் "வேணாம்" என்று சொன்னதை வாயால் மாற்றவில்லை. வீடு தடுமாறாமல் நடப்பதைப் பார்த்துத் தானாக மாறினார். இப்போது ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியை வண்டியில் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன தை மாசம் நாளைக்குக் கிளம்பணும் என்ற நிலையில் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. என்னால் போக முடியாது. பழைய மாதிரி எல்லாம் என் தலைக்குள்ளேயே இருந்திருந்தால், அன்று குழுவுக்குக் கிடைத்த கடை காலியாகத்தான் கிடந்திருக்கும். மூணு மாச உழைப்பும் முடங்கியிருக்கும். ஆனால் பெட்டி தயாராக இருந்தது, நோட்டு இருந்தது. எங்கள் குழுவிலேயே பயந்த சுபாவம் உள்ள ஒரு தங்கச்சி இருக்கிறாள். கொள்ளிடப் பாலம் தாண்டித் தனியாகப் போகாதவள். அவள்தான் இன்னொரு அக்காவோடு போனாள். நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். "அக்கா, சரக்கு பாதி போயிடுச்சு, நாளைக்கு விலையைக் குறைக்கவா, வேணாமா?"ன்னு கேட்டாள். "நீயே பார்த்து முடிவு பண்ணு"ன்னு சொன்னேன். குறைக்காமலே விற்றுவிட்டு வந்தாள்.

வந்து நோட்டைக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "குடை இல்லை. அடுத்த முறை வைக்கவும்." இத்தனை வருசம் போன எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது பெட்டியில் இரண்டு குடை இருக்கிறது.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் ஒரு பெட்டியும் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளட்டும். போய் வந்தவர் தப்பையும் எழுத வேண்டும், அதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். ஒருத்தியே போய் வந்தால் அவளுக்குப் பெயர் கிடைக்கும். எல்லோரும் போய் வந்தால்தான் குழுவுக்குச் சோறு கிடைக்கும். இதுவரை போகாத தங்கச்சிகள் கை தூக்குங்கள். அடுத்த கண்காட்சிக்கு உங்களைத்தான் அனுப்பப் போகிறோம். எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், கேட்டால் தருகிறேன்.