எத்தனை சதுர மீட்டர், எந்த அளவுகோலில்?



உடலின் உட்பரப்புகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். தொடங்கும் முன் டென்னிஸ் மைதானத்தை இந்த அரங்கிலிருந்து வெளியேற்றிவிடலாம். சிறுகுடலை விரித்தால் அவ்வளவு வரும் என்று படித்தோம். அதையே பாடமும் நடத்தினோம். 2014இல் சுவீடனின் ஹெலாண்டரும் ஃபேன்ட்ரிக்ஸும் மறுபடி கணக்கிட்டார்கள். உணவுப் பாதையின் உட்பரப்பு முழுவதும் சேர்ந்தே சராசரியாக 32 சதுர மீட்டர்தான். பழைய கணக்கில் இருநூறு, முந்நூறு! எண் இப்படிச் சுருங்கிய பிறகும் நமக்குச் சோறு செரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நுரையீரலில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெர்ன் நகரின் எவால்ட் வைபல் 1963இல் நூல் வெளியிட்ட காலத்தில், ஒளி நுண்ணோக்கி காட்டிய காற்று நுண்ணறைப் பரப்பு ஏறத்தாழ 80 சதுர மீட்டர். 1978இல் கேர், பாக்ஹோஃபன் ஆகியோருடன் அவரே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்தபோது அது 140ஐத் தாண்டியது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் மனித நுரையீரல் வளர்ந்துவிடவில்லை. நுண்ணோக்கி கூர்மையானது, அதுவரை தெரியாத மடிப்புகளும் கணக்கில் சேர்ந்தன. ஆனால் அந்த மடிப்புகளில் பலவற்றை நுண்ணறையின் திரவப் படலம் நிரப்பிச் சமப்படுத்திவிடுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அவை உண்டு, உள்ளே வரும் காற்றுக்கு இல்லை. இதில் எந்த எண் சரி? எந்த வேலைக்காகக் கேட்கிறோம் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

பரப்பை மட்டும் பிடித்துக்கொண்டாலும் வழி தவறும். சுவரைக் கடந்து வாயு பரவும் வேகத்தைச் சொல்லும் ஃபிக் விதியில் பரப்பு மேலே நின்றால் தடிமன் கீழே நிற்கிறது. நுரையீரலில் நார்த்திசு பெருகும் நோயில் சுவர் தடித்து ஆக்சிஜன் திணறுகிறது. எம்ஃபிசீமாவிலோ சுவர்கள் உடைந்து சிற்றறைகள் பேரறைகளாகின்றன. நெஞ்சு காற்றால் உப்பியிருக்கும். காற்றும் இரத்தமும் சந்திக்கும் பரப்பு மட்டும் கரைந்துபோயிருக்கும்.

பரப்பு என்றாலே உறிஞ்சுவதற்கு என்று எண்ணுவோருக்குச் சிவப்பணு ஒரு நல்ல பதில். அதன் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரோமீட்டர். அதே கொள்ளளவுள்ள உருண்டைக்கு 97 சதுர மைக்ரோமீட்டர் தோல் போதும். சிவப்பணுவுக்கோ 140 அளவில் இருக்கிறது. இந்த உபரி இருப்பதால்தான் அது வளைந்து நெளிந்து மண்ணீரலின் இடுக்குகளைக் கடக்கிறது. பரம்பரைக் கோள அணு நோயில் சவ்வு தேய்ந்து உபரி போய்விடுகிறது. அணு இடுக்கில் சிக்கி அழிகிறது.

நம் பக்கத்துச் சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலூரில் செல்வின் பேக்கரும் மாத்தனும் குடலின் உறிஞ்சலைக் கெடுக்கும் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தபோது, நலமாக இருந்தவர்களின் குடலுறிஞ்சிகளே மேலைநாட்டுப் பாடநூல் படங்களில் உள்ளவற்றைவிடக் குட்டையாகவும் அகன்றும் இருந்தன. எதை இயல்பு என்று வைத்துக்கொண்டு இழப்பைக் கணக்கிடுகிறோம் என்ற கேள்வி அங்கிருந்தே எழுகிறது. அதற்கு இன்னும் நேர்மையான பதில் நம் பாடநூல்களில் ஏறவில்லை என்பது என் கருத்து.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். சதுர மீட்டர் சொல்லும்போது உருப்பெருக்கத்தையும், திசுவைப் பதப்படுத்திய முறையையும், நுரையீரலானால் எவ்வளவு காற்றடைத்து அளந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வு நஞ்சுக்கொடியைப் பற்றியது. நிறைமாதத்தில் அதன் விரலிகளின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. எந்த உருப்பெருக்கத்தில் என்று குறுக்கிட்டுக் கேட்கும் உரிமையை அவையோருக்கு இப்போதே வழங்கிவிடுகிறேன்.